சங்கத்தில் சேர்வதா, புதிதாகத் தொடங்குவதா, தனியே நிற்பதா? வன்னிச் சிறுதொழிலாளருக்கு ஒரு கணக்கு

பனையோலையில் பெட்டியும் சுளகும் பின்னும் பன்னவேலை செய்யும் பெண்கள், மிளகாய்த்தூளும் அரிசிமாவும் அரைத்துப் பொதி செய்து விற்பவர்கள், தையல்காரர்கள், வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர்கள் என்று வன்னியில் சிறுதொழில் செய்யும் பலரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. சேர்ந்து செய்யுங்கள், கூட்டுறவுச் சங்கமாகப் பதியுங்கள் என்று பிரதேச செயலகத்தில் சொல்கிறார்கள். உதவித் திட்டங்களோடு வருபவர்களும் அதையே சொல்கிறார்கள். பதிவதா? ஏற்கனவே இருக்கும் சங்கம் ஒன்றில் சேர்வதா? அல்லது இப்படியே தனியே இருந்துவிடுவதா?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சரக்கைக் கொண்டுவந்து கொடுத்த அன்றே உறுப்பினரின் கையில் காசு வைக்க முடியாத சங்கம், எவ்வளவு நல்ல மனிதர்கள் சேர்ந்து தொடங்கினாலும், நெடுநாள் ஓடாது. கீழே வரும் ஒப்பீடு முழுவதும் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான் போகிறது. இதை ஏற்காதவர்களும் கணக்கை மட்டுமாவது பார்த்துவிட்டுப் போங்கள்.

## எதைப் பங்குபோடப் போகிறீர்கள்?

சங்கம் வேண்டுமா என்று யோசிக்கும் முன் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். சேர்ந்து செய்வதில் நான்கு வகை உண்டு: மூலப்பொருளைச் சேர்ந்து வாங்குவது, இயந்திரத்தையோ கட்டடத்தையோ சேர்ந்து பாவிப்பது, ஒருவர் சேமிப்பில் மற்றவர் கடன் எடுப்பது, சரக்கைச் சேர்ந்து விற்பது.

முதல் மூன்றும் கூட்டுறவுக்குப் பழக்கமான வேலை. இலங்கையில் கூட்டுறவு இயக்கமே 1911 ஆம் ஆண்டுச் சட்டத்தோடு கடன் சங்கங்களாகத்தான் தொடங்கியது. பன்னவேலையை எடுத்துக்கொள்ளுங்கள். பின்னுவதற்கான இளம் பனையோலையை, அதாவது சார்வோலையை, வெட்ட ஆள் கிடைப்பதே இன்று பெரும்பாடு. ஒரு வீட்டுக்காக ஏறி இறங்க ஒருவரும் வர மாட்டார். பத்து வீடு சேர்ந்து ஒரு நாள் கூலி பேசினால் வருவார். இதற்குச் சங்கம் நல்ல வழி. சொல்லப்போனால் பதிவே இல்லாமலும் இதைச் செய்யலாம்.

நான்காவதுதான் கஷ்டம். ஆனால் பெரும்பாலானோர் சங்கம் தேடி வருவது அந்த நான்காவதற்காகத்தான்: "செய்ய ஆள் இருக்கு, விற்க வழி இல்லை."

வன்னியில் எந்தக் கூட்டுறவுகள் தாக்குப் பிடித்தன என்று பார்த்தால் காரணம் ஓரளவு விளங்கும். கடற்றொழிலாளர் சங்கங்கள் இருக்கின்றன. ஒரு கரையில் யார் தொழில் செய்வது, நிவாரணமோ மானியமோ வந்தால் யாருக்குப் போவது என்பதெல்லாம் சங்கத்தின் ஊடாகவே நடக்கிறது. கால்நடை வளர்ப்போர் சங்கங்களில் பால் தினமும் வருகிறது, எடுக்கப் பெரிய கம்பனிகள் நிற்கின்றன, லீற்றருக்கு இன்ன விலை என்பதும் தெரியும். பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்களுக்குக் கள் விற்கும் உரிமம் கையில் இருக்கிறது. ஆக இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு வாசல் இருக்கிறது. அந்த வாசலால் வராமல் தொழில் செய்வது சிரமம், வந்தால் காசு நிச்சயம். கடகத்துக்கும் சுளகுக்கும், மிளகாய்த்தூளுக்கும் சட்டைக்கும் அப்படி ஒரு வாசல் கிடையாது. யாரும் எங்கும் விற்கலாம். அதனால் இவற்றில் சங்கத்தின் பிழைப்பு முழுவதும் விற்கும் திறமையில் தங்கியிருக்கிறது.

## எதை வைத்து ஒப்பிடுவது

ஐந்து கேள்விகள் போதும்.

1. சரக்குக் கொடுத்தால் காசு எப்போது கைக்கு வரும்?
2. யார் விற்பது, யார் கணக்கு எழுதுவது? சம்பளத்துக்கா, சும்மாவா?
3. சறுக்கினால் கடன் யார் தலையில் விழும்?
4. முடிவெடுப்பது யார்?
5. பிடிக்காவிட்டால் எப்படி வெளியே வருவது?

இவற்றோடு வன்னிக்கென்று ஒன்று சேர்கிறது: தூரம். கூட்டுறவு என்றதும் யாழ்ப்பாணத்துக் கதைகளைத்தான் எடுத்துச் சொல்வார்கள். மூளாயில் ஊர்மக்கள் கூட்டுறவாக வைத்தியசாலையே நடத்தினார்களே என்பார்கள். உண்மைதான், 1930களில் தொடங்கிய பெருமைப்படத்தக்க முயற்சி அது. ஆனால் அங்கே வேலிக்கு வேலி வீடு. முல்லைத்தீவு மாவட்டம் யாழ். மாவட்டத்தைப்போல் இரண்டரை மடங்கு பரப்பு. 2012 குடிசன மதிப்பீட்டில் யாழ்ப்பாணத்தில் ஏறக்குறைய 583,000 பேர், முல்லைத்தீவில் ஏறக்குறைய 92,000 பேர். கொக்கிளாயில் ஒருவர், முத்தையன்கட்டில் ஒருவர், துணுக்காயில் ஒருவர் என்று உறுப்பினர் இருந்தால், சரக்குச் சேர்க்க ஓடும் லான்ட்மாஸ்ரரின் (இரு சக்கர உழவு இயந்திரம்) டீசலே இலாபத்தைத் தின்றுவிடும். கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பதும் அதே கதைதான்.

## தனியே நிற்பது

பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்தால் போதும். அந்தப் பத்திரத்தோடு வங்கியில் தொழிலின் பெயரில் கணக்குத் திறக்கலாம், காசோலை வாங்கலாம், கடன் கேட்கலாம், கண்காட்சிகளில் மேசை கேட்கலாம். உணவுப் பொருள் என்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) வந்து பார்ப்பது, லேபல், காலாவதித் திகதி எல்லாம் உண்டு. அது சங்கமாக இருந்தாலும் தனியாளாக இருந்தாலும் ஒன்றுதான்.

காசு விஷயத்தில் தனியாளுக்குத்தான் வெற்றி. வீட்டு வாசலுக்கு வந்து பெட்டியும் சுளகும் எடுக்கும் வியாபாரி குறைந்த விலைதான் தருவார். ஆனால் அங்கேயே எண்ணித் தருவார். வியாபாரியைக் கொள்ளைக்காரனாக்கிப் பேசும் பேச்சு எனக்கு அவ்வளவு பிடிப்பதில்லை. அவர் நாலு வேலை செய்கிறார்: தேடி வந்து எடுக்கிறார், உடனே காசு தருகிறார், விற்காமல் கிடந்தால் நட்டத்தைத் தானே சுமக்கிறார், எந்த ஊரில் எது ஓடும் என்று தெரிந்து வைத்திருக்கிறார். அவரை வெட்டிவிட்டுச் சங்கம் விற்கப் போகிறது என்றால் இந்த நாலையும் சங்கம் செய்ய வேண்டும். இடைத்தரகரை ஒழிப்போம் என்று தொடங்கும் கூட்டங்களில் இந்தப் பட்டியலை யாரும் வாசிப்பதில்லை.

மறைந்திருக்கும் செலவு முற்பணத்தில் இருக்கிறது. பள்ளிக்கூடம் தொடங்கும் மாதத்தில் வியாபாரியிடம் கொஞ்சம் வாங்கிவிட்டால், அதற்குப் பிறகு விலை சொல்லும் உரிமை உங்களிடம் இல்லை. வட்டி என்று அவர் ஒன்றும் எடுக்க மாட்டார், விலையில் எடுத்துவிடுவார். மூலப்பொருளைச் சில்லறையாக வாங்குவதும் இன்னொரு செலவு. காய்ச்சலில் படுத்தால் அந்தக் கிழமை வருமானம் இல்லை. தொழிலுக்கு எடுத்த கடனுக்கு வீடும் நகையும் பொறுப்பு. தனியாளின் தொழிலும் தனியாளின் சொத்தும் சட்டத்தின் கண்ணில் ஒன்றுதான்.

வாடிக்கையாளர் உள்ளூரிலேயே தேடி வரும் தொழில்களுக்கு, அதாவது தையல், வெல்டிங், பேக்கரி, சலூன், வாகனம் திருத்துவது போன்றவற்றுக்கு, இதுதான் சரி. மாங்குளம் சந்தியில் பட்டறை வைத்திருப்பவருக்கும் மல்லாவியில் வைத்திருப்பவருக்கும் சேர்ந்து விற்க ஒன்றும் இல்லை. இவர்களுக்குச் சங்கம் தேவையென்றால் கடனுக்கு மட்டும்.

## பதியாத குழு

நாலைந்து பேர் சேர்ந்து, ஒருவர் பெயரில் வங்கிக் கணக்கு வைத்து ஓட்டுவது. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் நிழலில் நடப்பதும் இதில் சேரும். கிராம அபிவிருத்திச் சங்கங்களுக்குத் தனிப் பதிவு இருக்கிறது, ஆனால் அவை வியாபாரம் நடத்துவதற்கென்று அமைந்தவை அல்ல. ஒத்திகை பார்க்க நல்லது. ஒரு வருடம் சேர்ந்து ஓலை வாங்கி, ஒரு கண்காட்சிக்குச் சேர்ந்து போய், காசு பிரித்துப் பார்த்தால் யார் யாரோடு ஒத்துப்போக முடியும் என்று தெரிந்துவிடும். ஆபத்து ஒன்று உண்டு: கடன் வாங்கினால், பெரிய ஓடரில் பிழை வந்தால், அடையாள அட்டை கொடுத்தவர்தான் மாட்டுவார். அப்புறம், பதிவில்லாமல் "கூட்டுறவு" என்ற சொல்லைப் பெயர்ப்பலகையில் போட்டு வியாபாரம் செய்யவும் சட்டம் விடாது.

## இருக்கும் சங்கத்தில் சேர்வது

இங்கே எந்தச் சங்கம் என்பதைப் பொறுத்து எல்லாம் மாறும்.

பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தை எல்லோருக்கும் தெரியும். சங்கக்கடை வரிசையில் நின்ற ஞாபகம் இல்லாத வீடு வன்னியில் குறைவு. யுத்த காலத்தில் நிவாரண உணவே அதன் வழியாகத்தான் வந்தது. பிரதான வீதியில் கட்டடம், களஞ்சியம், கிராமிய வங்கி என்று சொத்தும் இருக்கிறது. உங்கள் பொருளை அதன் தட்டில் வைக்க முடிந்தால் நல்லதுதான். ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. அதன் உறுப்பினர்களில் பெரும்பாலானோர் வாங்குபவர்கள். மிளகாய்த்தூள் மலிவாகக் கிடைக்க வேண்டும் என்பது அவர்களின் நலன், கூடிய விலைக்குப் போக வேண்டும் என்பது உங்களுடையது. ஒரே சங்கத்துக்குள் இரண்டு நலனும் இருந்தால் வாக்கு யார் பக்கம் கூடும் என்று சொல்லத் தேவையில்லை. அங்கே உறுப்பினராவதைவிட, அங்கே சரக்கு விற்பவராக இருப்பது மேல் என்பது என் எண்ணம். எதற்கும், சங்கக்கடை உங்களிடம் எடுக்கும் சரக்குக்கு எத்தனை நாளில் காசு தரும் என்பதை எழுத்தில் கேளுங்கள். "வித்தாப் பிறகு" என்றால் உங்கள் முதல் அவர்களுடைய தட்டில் தூங்கும்.

சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கம் வேறு சாதி. சேமிப்பும் கடனும் மட்டும். பலருக்கு உண்மையில் வேண்டியது இதுதான் என்று நினைக்கிறேன், அவர்கள் அதைச் சந்தைப் பிரச்சினை என்று சொல்லிக்கொண்டிருந்தாலும். நுண்கடன் கம்பனிகளிடம் சிக்கிய பெண்களின் கதை வடக்கில் எல்லாருக்கும் தெரியும். கிழமைக் கிழமை வாசலில் வந்து நின்ற வசூல்காரர்களால் குடும்பங்கள் உடைந்தன. 2018 இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்திருந்த, ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு அரசே நிவாரணம் அறிவிக்க வேண்டி வந்தது. ஊர்ச் சங்கத்தில் எடுக்கும் கடனுக்குப் போகும் வட்டி திரும்ப உங்கள் சங்கத்துக்கே வருகிறது. வியாபாரியின் முற்பணக் கயிற்றை அறுக்க 20,000 ரூபா போதும் என்றால், அதற்குப் பொருத்தமான இடம் இது.

இதிலும் மறைந்த செலவு உண்டு: பிணை. கடனெடுக்க இரண்டு உறுப்பினர் பிணை நிற்க வேண்டும் என்றால், நாளைக்கு நீங்களும் நிற்க வேண்டி வரும். மாட்டேன் என்று அயலட்டைக்கு எப்படிச் சொல்வது? சேரும் முன் மனத்தில் ஒரு எல்லை போட்டுக்கொள்ளுங்கள். ஒரே நேரத்தில் ஒருவருக்கு மேல் பிணை நிற்பதில்லை என்று சொன்னால் யாரும் கோபிக்க மாட்டார்கள்.

பனைப் பொருள் செய்பவர் பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கத்தையும் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். அந்தச் சங்கங்களின் உயிர் கள்ளில் இருக்கிறது, கைப்பணி ஓரத்தில்தான் நடக்கும். ஆனாலும் ஓலையும் நாரும் எடுக்கத் தெரிந்தவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். மூலப்பொருளுக்கு அதைவிடக் கிட்டிய இடம் இல்லை.

எந்தச் சங்கமானாலும் சேரும் முன் மூன்றைப் பார்க்கலாம். கடைசியாக நடந்த கணக்காய்வு எந்த வருடத்துக்கு? பொதுக்கூட்டம் வருடா வருடம் நடக்கிறதா? பழைய கடன் எவ்வளவு நிற்கிறது? யுத்தத்தில் பதிவேடுகளையே இழந்த சங்கங்களும் உண்டு. அவற்றின் பழைய வரவு செலவில் யாரும் கை வைக்க விரும்ப மாட்டார்கள். கணக்கைக் காட்டத் தயங்கும் சங்கத்தில் நுழைவுக் கட்டணம் எவ்வளவு சிறிதென்றாலும் கட்டாதீர்கள்.

## புதிதாக ஒரு சங்கம் தொடங்குவது

வட மாகாணத்தில் பதிவு மாகாணக் கூட்டுறவு அபிவிருத்தித் திணைக்களத்தின் கையில் இருக்கிறது. அடிப்படைச் சட்டம் 1972 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம். குறைந்தது பத்துப் பேர் வேண்டும், 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். மாவட்ட உதவி ஆணையாளரின் அலுவலகத்துக்குப் போனால் கூட்டுறவு அபிவிருத்தி உத்தியோகத்தர் ஒருவர் வந்து கூட்டம் வைப்பார், சங்கத்தின் உள்விதிகளான உபவிதிக்கு மாதிரியும் தருவார்.

பதிவானால் கிடைப்பவை பெரியவை. சங்கம் தனக்கென்று சட்ட உரு உள்ள ஒன்றாகிவிடும். காணி வாங்கலாம், ஒப்பந்தம் செய்யலாம், வழக்குப் போடலாம். பங்குக்கு மேல் பொறுப்பில்லாத, வரையறுத்த பொறுப்புள்ள சங்கமாகப் பதிந்தால் கடனுக்கு உங்கள் வீட்டை யாரும் கேட்க முடியாது, நீங்களாகக் கையெழுத்துப் போட்டுப் பிணை நிற்காதவரை. ஒருவருக்கு ஒரு வாக்கு, பத்துப் பங்கு வைத்திருந்தாலும் ஒன்றுதான். உறுப்பினருக்குள் தகராறு வந்தால் நீதிமன்றம் ஏறாமல் திணைக்களத்தின் நடுத்தீர்ப்புக்குப் போகலாம். வருடம் ஒருமுறை கணக்காய்வு நடக்க வேண்டும். அதைச் சிலர் தொல்லை என்பார்கள். வெளியாள் ஒருவர் வந்து புத்தகத்தைப் பார்ப்பதுதான் அரைவாசிச் சண்டையைத் தடுக்கிறது என்பேன் நான்.

சரி, இப்போது காசுக் கணக்கு. உதாரணத்துக்கு 25 பேர் என்று வைப்போம். ஆளுக்கு மாதம் 12,000 ரூபா பெறுமதியான சரக்குத் தருகிறார்கள். மொத்தம் 300,000 ரூபா. கொழும்பில் ஒரு கடை எடுக்கிறது, 45 நாளில் காசு தருகிறது. அப்படியென்றால் எந்த நேரமும் 450,000 ரூபா வெளியே நின்றுகொண்டிருக்கும். உறுப்பினருக்கு அன்றன்றே காசு கொடுக்க வேண்டுமானால் இவ்வளவு பணம் சங்கத்திடம் இருக்க வேண்டும். பங்கு 1,000 ரூபா வீதம் சேர்த்தது 25,000 ரூபா. மிச்சம் 425,000 எங்கிருந்து வரும்?

இந்த இடத்தில்தான் சங்கங்கள் படுக்கின்றன. காசு வரும்வரை பொறுங்கோ அக்கா என்று ஒரு மாதம் சொல்லலாம். இரண்டாம் மாதம் அந்த அக்கா நல்ல சரக்கை வியாபாரிக்கும், கோணல் மாணலானதைச் சங்கத்துக்கும் கொடுப்பார். அவரைக் குறை சொல்லவே முடியாது. அவருக்கு இன்றைக்கு அரிசி வாங்க வேண்டும். மூன்றாம் மாதம் கொழும்புக் கடை தரம் சரியில்லை என்று திருப்பி அனுப்பும். பிறகு செயலாளரும் பொருளாளரும் பேசிக்கொள்ள மாட்டார்கள்.

இதற்கு வழி இருக்கிறது, ஆனால் பொறுமை வேண்டும். முதல் ஒரு வருடம் உடன்காசுக்கு மட்டும் விற்பது: ஊர்ச் சந்தை, கோயில் திருவிழா, கண்காட்சி, புலம்பெயர்ந்த உறவினர் முன்கூட்டியே காசு அனுப்பிக் கேட்கும் ஓடர். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வரும் சனத்துக்கு விற்பதில் கடன் என்ற பேச்சே இல்லை. அந்த வருடம் முழுவதும் ஒவ்வொரு சரக்கிலும் ஐந்து வீதத்தைப் பங்குப் பணமாகப் பிடித்தால், மேலே சொன்ன கணக்கில் மாதம் 15,000, வருடத்தில் 180,000 சேரும். தொடக்கப் பங்கோடு 205,000. சரக்குத் தந்த அன்று பாதி, விற்ற பிறகு பாதி என்று பேசிக்கொண்டால் தேவைப்படுவது 225,000. கிட்ட வந்துவிட்டது. அதற்குப் பிறகு கொழும்புக் கடையோடு பேசலாம்.

அடுத்தது ஆள். விற்கவும் எழுதவும் சம்பளத்துக்கு ஒருவர் வேண்டும். 30,000 ரூபா சம்பளம் என்றால், சங்கம் தன் பங்காகக் கட்ட வேண்டிய ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதம், நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் சேர்த்து 34,500 ரூபா. உறுப்பினரிடம் எடுத்த விலைக்கு மேல் 15 வீதம் வைத்து விற்றால் மாதம் 45,000 கிடைக்கும். சம்பளம் போக 10,500. பஸ்ஸில் பொதி போடும் கூலி, போன், பை, லேபல், மின்கட்டணம் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். மயிரிழைதான். இதே கணக்கைப் பத்துப் பேருக்குப் போட்டால் 18,000 ரூபாதான் வரும், ஆளே வைக்க முடியாது. சட்டம் பத்துப் பேர் போதும் என்கிறது, கணக்கு இருபத்தைந்திலேயே மூச்சு வாங்குகிறது.

சம்பளம் வேண்டாம், நான் சும்மா செய்கிறேன் என்று ஒரு பெண்பிள்ளை முன்வருவார். உயர்தரம் படித்தவர், கணினி தெரிந்தவர். முதல் வருடம் எல்லாம் அவர் தோளில்தான் ஓடும். பிறகு அவருக்குக் கல்யாணம் நடக்கும், அல்லது அரசாங்க வேலை கிடைக்கும். கணக்கு எந்தக் கொப்பியில் இருக்கிறது என்றுகூட மற்றவர்களுக்குத் தெரியாது.

2009 இல் யுத்தம் முடிந்த பிறகு மீள்குடியேற்றத்தோடு வந்த திட்டங்கள் உற்பத்திக் குழுக்களுக்குக் கட்டடமும் இயந்திரமும் நிறையக் கொடுத்தன. அரைக்கும் மெசின், தையல் மெசின், பொதி ஒட்டும் மெசின். நோக்கத்தில் பிழை இல்லை. ஆனால் இலவசமாக வந்த பெரிய மெசினுக்கும் மும்முனை மின்சாரம் வேண்டும், ஓடாத மாதமும் நிலையான கட்டணம் வரும், பெயாரிங் போனால் யாழ்ப்பாணமோ வவுனியாவோ போக வேண்டும். எவ்வளவு அரைத்தால் இந்தச் செலவு கட்டும் என்று கணக்குப் பார்க்காமல் எந்த அன்பளிப்பையும் இறக்காதீர்கள். பழைய கட்டடங்களின் பெயர்ப்பலகைகள் இதற்குச் சாட்சியாகப் பல ஊர்களில் நிற்கின்றன. இன்னொன்று: திட்டம் கேட்கிறது என்பதற்காகவே பதிந்த சங்கம், திட்டம் முடிந்த பிறகு கூட்டம் கூட்டுவதற்கே காரணம் தேடும்.

எல்லோரும் ஒரே வகைப் பொருள் செய்கிறீர்கள், சைக்கிளில் போகும் தூரத்துக்குள் இருக்கிறீர்கள், ஒரு வருடமாவது குழுவாகச் சேமித்திருக்கிறீர்கள், நிச்சயமாக எடுக்கும் ஒருவராவது இருக்கிறார் என்றால் தொடங்குங்கள். இந்த நாலில் இரண்டு குறைந்தால் இன்னும் ஒரு வருடம் பதியாத குழுவாகவே இருப்பது நல்லது.

## கம்பனி

சுருக்கமாகச் சொல்லலாம். 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தில் ஒருவரே தனியார் கம்பனி தொடங்கலாம், பங்குதாரர் 50 பேர் வரை இருக்கலாம். வாக்கு பங்கின் எண்ணிக்கைப்படி. கனடாவிலோ சுவிஸிலோ இருக்கும் அண்ணன் முதல் போடுகிறார், இங்கே ஓடியாடி விற்க ஒருவர் இருக்கிறார், கைப்பணியாளர்களுக்கு உடன்காசு கொடுத்து எடுக்கப்போகிறார்கள் என்றால் கூட்டுறவைவிடக் கம்பனிதான் நேர்மையான வடிவம். முதலாளி இருக்கும் இடத்தில் சங்கம் என்று பெயர் வைப்பதால் ஒருவருக்கும் நன்மை இல்லை. வியாபாரம் நடக்காத வருடத்திலும் கம்பனிச் செயலாளருக்கான கட்டணமும் ஆண்டறிக்கையும் இருக்கும். கடன் கேட்டால் பணிப்பாளரின் சொந்தப் பிணையையும் வங்கி கேட்கும். அப்போது வரையறுத்த பொறுப்பு என்பது காகிதத்தில்தான்.

## ஒரே பார்வையில்

| | தனியே | இருக்கும் சங்கம் | புதிய சங்கம் | கம்பனி |
|---|---|---|---|---|
| காசு | அன்றே, விலை குறைவு | சங்கத்தைப் பொறுத்தது | முதல் சேரும்வரை தாமதம் | முதலாளியின் கையிருப்பைப் பொறுத்தது |
| விற்பதும் எழுதுவதும் | நீங்களே | சம்பள ஊழியர் | தொடக்கத்தில் சும்மா, பிறகு சம்பளம் | சம்பள ஊழியர் |
| கடன் பொறுப்பு | வீடு வரை | பங்கும் பிணையும் | பங்கும் பிணையும் | பங்கு, பணிப்பாளருக்குப் பிணையும் |
| முடிவு | நீங்கள் | பலரில் ஒருவர் | ஒருவருக்கு ஒரு வாக்கு | பங்கு கூடியவர் |
| விலகுவது | எப்போதும் | எளிது | உபவிதியைப் பொறுத்தது | பங்கை வாங்க ஆள் வேண்டும் |
| பொருந்துவது | தையல், பட்டறை, பேக்கரி | கடன், ஓலை, நார் | அருகருகே ஒரே பொருள் செய்வோர் | வெளியூர், வெளிநாட்டு விற்பனை |

ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றில்லை. தனியே வியாபாரப் பெயர் பதிந்து, கடனுக்குச் சிக்கன கடனுதவு சங்கத்தில் இருந்து, ஓலை வாங்கப் பத்து வீட்டுக் குழுவோடு நிற்கும் ஒரு பன்னவேலைக்காரிக்கு, வன்னியின் இன்றைய நிலையில், புதுச் சங்கத்தின் தலைவியைவிட நிம்மதி அதிகம் என்றுதான் நினைக்கிறேன்.

## பதிவதென்றே முடிவெடுத்தால்

திணைக்களம் தரும் மாதிரி உபவிதியை வாசிக்காமல் கையெழுத்துப் போடுபவர்களே அதிகம். அதில் இவற்றையும் எழுதிக்கொள்ள முடியுமா என்று உத்தியோகத்தரிடம் கேளுங்கள்.

தரம் பார்ப்பவர் யார்? அவர் அந்த மாதம் சரக்குக் கொடுக்கும் உறுப்பினராக இருக்கக்கூடாது. சங்கத்துக்கு ஓடர் இருக்கும்போது வெளியே விற்கலாமா? முழுத்தடை போட்டால் யாரும் மதிக்க மாட்டார்கள். ஒப்புக்கொண்ட எண்ணிக்கையைச் சங்கத்துக்குத் தந்த பிறகு மிச்சம் உங்கள் விருப்பம் என்று எழுதுவது நடைமுறைக்கு ஒத்துவரும். வங்கிக் கணக்கில் கையெழுத்திடும் இருவர் ஒரே குடும்பமாக இருக்கக்கூடாது.

விலகுவதைப் பற்றியும் எழுதுங்கள், தொடங்கும்போது அதைப் பேசுவது அபசகுனம் என்று யாராவது சொன்னாலும். எத்தனை மாதத்தில் பங்குப் பணம் திரும்பும், விற்காமல் இருக்கும் அவருடைய சரக்குக்கு என்ன விலை, அவர் பிணை நின்ற கடன் தீரும்வரை என்ன செய்வது என்று ஒவ்வொன்றாக. மெசினும் கட்டடமும் சங்கத்தின் சொத்து, விலகுபவருக்கு அதில் பங்கு பிரித்துக் கொடுப்பதில்லை என்பதையும் முதற்கூட்ட அறிக்கையிலேயே பதிந்து, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.